கணவாயைத் திறந்தவன்

அந்த மனிதர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது காலை பத்து மணி இருக்கும். வெள்ளைத் துணி உடுத்தி, மேலே கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். முடியை இழுத்துப் பின்னால் கொண்டையாக முடிந்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். அவரோடு வந்த நான்கு பேர் வாசலோடு நின்றுகொண்டார்கள்.

1930களின் நடுவில், கண்டியில் ஒரு தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். அங்கே வருகிறவர்கள் லொறிக்காரர்கள், தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகள், பெட்டி செய்யும் தச்சர்கள். இப்படிப்பட்ட ஒருவர் வந்ததே இல்லை. எழுந்து கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"நாடகம் எழுதின ஆள் நீங்கதானே?" என்று தமிழில் கேட்டார்.

"ஆமாங்க."

அதற்கு மேல் சிங்களத்துக்கு மாறிவிட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அவர் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அந்தக் கணவாய்க் காட்சியை உங்களுக்கு யார் சொன்னது?"

அவர் யாரென்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துபோயிற்று.

எங்கள் அலுவலகப் பியோனுக்குக் கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே உள்ள ஒரு கிராமம். ஒரு வருடத்துக்கு முன்பு, அவன் ஊரில் விளக்கேற்றுகிறார்கள் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். மலைச்சரிவில் பெரிய பாறை. அதன் அடியில் ஊர் முழுவதும் கூடி நின்றது. அந்த ஊர் வளவ்வையின் பெரியவர், அதாவது ஊர்ப் பிரபுவின் பெரிய வீட்டுத் தலைவர், முதல் விளக்கை ஏற்றினார். யாருக்காக இந்த விளக்கு என்று கேட்டேன். பியோன் கதையைச் சொன்னான்.

கம்பளையில் அரசர்கள் இருந்து ஆண்ட காலம். கடலுக்கு அப்பாலிருந்து குதிரை விற்க வந்த ஒரு வியாபாரியின் மகன், எவரும் ஏற முடியாத ஒரு குதிரையை அரசர் முன்னிலையில் ஏறி அடக்கினான். அரசர் குதிரையையும் வாங்கிக்கொண்டார், அவனையும் வைத்துக்கொண்டார். பத்து வருடத்தில் அவன் குதிரைப்படைக்குத் தலைவன். அரசர் தம் கையாலேயே அவன் நெற்றியில் பட்டம் கட்டி, வாளும் கணவாய்க்கு அடியில் ஒரு கிராமமும் கொடுத்தார். உள்ளூர்த் தலைவர் வீட்டிலேயே பெண் எடுத்தான். 'எனக்கு மூச்சு உள்ளவரை இந்த வழியால் பகைவன் ஏறமாட்டான்' என்று அரசரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

பிறகு அரசரின் மருமகனே கீழ்நாட்டிலிருந்து படை திரட்டிக்கொண்டு வந்தான். கணவாய்க்கு மேலே மரச்சட்டத்தில் பாறைகளை அடுக்கி, காட்டுக்கொடிகளால் கட்டி வைத்திருந்தார்கள். கொடியை வெட்டினால் மலையே சரிந்து பாதையில் விழும். இது தெரிந்த மருமகன், அடிவாரத்துக் கிராமத்து ஆட்களைப் பிடித்துக் கயிற்றால் பிணைத்துப் படைக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு ஏறினான். ஆண், பெண், குழந்தை எல்லாரும். தலைவன் கண்ணை மூடினான், கும்பிட்டான், கொடியை வெட்டினான். மூன்று நாள் கணவாயைக் காத்தான். கடைசியில் அம்பு பட்டு வாளோடு விழுந்தான்.

இதுதான் ஊர் சொல்லும் கதை. சரித்திரப் புத்தகம் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

எங்களுக்கு ஒரு நாடகக் குழு இருந்தது. கொழும்பு வீதியில் தையற்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர்தான் அதற்குத் தலை. எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். உடுப்பு அவரே தைப்பார், வில்லன் வேடமும் அவரே போடுவார். புராணக் கதைகளையே திரும்பத் திரும்பப் போட்டு அலுத்துப்போயிருந்தோம். இந்தக் கதையைச் சொன்னதும் நானா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இத எழுதுங்க. மிச்சம் நல்லா ஈக்கிது. நான்தான் மருமகன்."

எழுத உட்கார்ந்தேன். எல்லாக் காட்சிகளும் வந்தன, அந்த ஒன்றைத் தவிர. கொடியை வெட்டும் இடத்தில் அவன் பேசவேண்டியதை நாலைந்து விதமாக எழுதிக் கிழித்தேன். எதை எழுதினாலும் அவன் வாயில் அது பொய்யாக ஒலித்தது. என் மனைவி அப்போது கைக்குழந்தைக்காரி. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நான் எழுதியதை வாங்கிப் படித்தாள்.

"என்னங்க, அந்த ஊர்ல இப்ப ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. நெறைய இருக்காங்க. நாந்தான் பாத்தேனே."

"எல்லாரும் அந்தக் காலத்துலேருந்து இருக்குற குடும்பமா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப அவரு வெட்டல."

சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே காட்சியை எழுதி முடித்துவிட்டேன். தலைவன் வாளைக் கீழே வைக்கிறான். கணவாயைத் திறந்துவிடுகிறான். ஊர் ஆட்கள் தப்புகிறார்கள், படை உள்ளே வருகிறது. அவன் குதிரையேறி, படைக்கு முன்பே கம்பளைக்குப் போய் அரசரிடம் தானே சொல்கிறான்: 'உங்கள் வழியை நான் திறந்துவிட்டேன்.' அரசர் ஊரைவிட்டு ஓடுவதற்கு முன் அவன் தலையை வெட்டச் சொல்கிறார்.

ஒத்திகை நானாவின் கடை மாடியில் நடந்தது. பியோன் ஆசையாக வந்து பார்த்தான். அந்தக் காட்சியைப் பார்த்ததும் முகம் மாறி எழுந்து போனவன், அடுத்த நாள் என்னோடு பேசவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டான் என்பது இப்போது விளங்கியது. என் முன்னால் நின்றவர் அன்றைக்கு விளக்கேற்றிய அதே வளவ்வைப் பெரியவர். அந்தத் தலைவனின் வம்சம்.

"யாரும் சொல்லலைங்க. நானே யோசிச்சுத்தான் எழுதினேன்" என்றேன்.

"யாரும் சொல்லாமல் இப்படி எழுத முடியாது. யார் சொன்னது?"

"நெசமாத்தாங்க. அவர் எப்படி அந்த ஜனங்களை…"

"மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்து போகிற யாராவது சொன்னார்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். கோபமாக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் பார்வை வேறு மாதிரி இருந்தது. பிறகு வாசலில் நின்ற நான்கு பேருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"அந்தக் காட்சியை மாற்றுங்கள். எங்கள் ஆளைத் துரோகியாகக் காட்டினால் ஊர் பார்த்துக்கொண்டு இருக்காது."

போய்விட்டார். மற்றக் கிளார்க்குகள் எல்லாரும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாடகத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நானாவிடம் ஓடினேன். அவர் கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார்.

"மாத்த வாணாம் தம்பி. அந்த ஊட்டு ஆளுக்குக் கோவம் வரும்தான். பாத்தா வெளங்கிரும்."

ஆனால் அடுத்த வாரம் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. "ரெண்டு பேரு கடைக்கு முன்னால வந்து நிண்டுட்டே ஈக்கிறானுகள். ஒண்டும் வாங்குறதும் இல்ல, பேசுறதும் இல்ல. கடை தொறக்கேக்க வாரானுகள், பூட்டேக்க போறானுகள்." நான் போய்ப் பார்த்தேன். வீதிக்கு எதிர்ப்பக்கம் சுவரோடு இரண்டு பேர். ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினான். நான் கடைக்குள் போய்த் திரும்பி வரும்வரை தாடையை அசைக்கவேயில்லை. சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் நோட்டிசுகளைக் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினோம். மறுபடி கிழித்தார்கள்.

வெள்ளிக்கிழமை எங்கள் தலைமைக் கிளார்க் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், நாடகம் என்றாலே பிடிக்காது.

"தம்பி, இஞ்ச இரும். உமக்கு எதிரா துரைக்கு ஒரு பெட்டிசம் வந்திருக்கு."

"என்னன்னு சார்?"

"இங்கத்தைய பெரிய குடும்பமொண்டை நீர் அவமதிக்கிறீராம். இந்தியாவில இருந்து வந்த ஆக்கள் இப்பிடிச் செய்தா கலவரம் வருமாம். கையெழுத்து ஒண்டும் இல்லை. ஆனா துரை வாசிச்சிட்டார்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேக்கிறன், ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முந்தி செத்துப்போன ஒருத்தன் வெட்டினா என்ன, வெட்டாட்டி என்ன? உமக்குப் பிள்ளை இருக்கு. யோசியும்."

யோசித்தேன். கட்டுகலையில் எங்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். என் தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு இந்த ஊரைத் தவிர வேறு ஊர் தெரியாது. ஆனால் யாராவது ஒருவர் 'வந்த ஆட்கள்' என்று சொன்னால் போதும், நான் நிற்கிற தரை சிறிதாகிவிடும். அந்த வருடங்களில் அந்தச் சொல் அடிக்கடி காதில் விழுந்தது. வேலை இல்லாதவர்கள் பெருகியிருந்தார்கள். கடைத்தெருவில் சின்ன வாய்ச்சண்டைகூட எங்கேயோ போய் நின்றது.

வீட்டில் மனைவியிடம் பெட்டிசத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் மாற்றிவிடுங்கள் என்பாளோ, மாற்றாதீர்கள் என்பாளோ, எது வந்தாலும் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரிசிக் கிடங்கை மண்டபமாக்கியிருந்தோம். காலையிலிருந்து ஹந்தானை மலை தெரியாத அளவுக்கு மழை. ஆட்கள் வரமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். இரண்டரை மணிக்கெல்லாம் கிடங்கு நிறைந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டிச் செய்த மார்புக்கவசத்தை நானா எனக்குக் கட்டிவிட்டார். தலைவன் வேடம் எனக்குத்தான். 

திரை ஓரத்தால் பார்த்தேன். முன்வரிசையில் வளவ்வைப் பெரியவர். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு அம்மா, அவரைவிட மூத்தவர். பின்னால் இருபது பேராவது இருப்பார்கள். கதவோரம் நிற்பவர்களில் வெற்றிலைக்காரனைக் கண்டேன். பெண்கள் பக்கம் என் மனைவி குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

முதல் காட்சிகள் நன்றாகப் போயின. குதிரையை அடக்கும் இடத்தில் கைதட்டினார்கள். அரசர் பட்டம் கட்டும்போது முன்வரிசையில் அந்த அம்மா சற்றே முன்னால் சாய்ந்து பார்த்தார். பெரியவர் அவர் காதில் ஒவ்வொரு வரியாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கணவாய்.

பலகை அடித்து உயர்த்திய இடத்தில் நான் நின்றேன். என் பக்கத்தில் கொடியை வெட்டுவதற்குக் கத்தியோடு ஒரு படைவீரன். தபால் கந்தோரில் வேலை செய்த எங்கள் பையன். கீழே கயிற்றில் பிணைத்த ஆறு பேர், அவர்களுக்குப் பின்னால் சிவப்பு வெல்வெட்டில் நானா. "வெட்டு பார்ப்போம்!" என்று நானா சிரித்தார். அவர் சிரித்தால் கிடங்குக் கூரையே அதிரும். இப்போது நான் வாளைத் தாழ்த்தி, "வெட்டாதே. நான் காக்க வந்தது இந்தப் பாறையை அல்ல" என்று சொல்லவேண்டும்.

முன்வரிசையைப் பார்த்தேன். பெரியவர் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். கதவோரம் இருந்தவர்கள் இரண்டடி முன்னால் வந்துவிட்டார்கள். ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டினான். பெண்கள் பக்கம் குழந்தை சிணுங்கும் சத்தம். அது என் பிள்ளையா வேறு யாருடையதா என்று தெரியவில்லை.

"வெட்டு" என்றேன்.

தபால்காரப் பையன் என்னைப் பார்த்து விழித்தான். கீழே நானாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "தம்பி, என்ன செய்றீங்க?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"வெட்டு!" என்று கத்தினேன்.

அவன் கத்தியைக் காற்றில் வீசினான். மிருதங்கக்காரர் அனுபவசாலி. படபடவென்று அடித்துவிட்டார். நானா ஒரு கணம் நின்றார். பிறகு நாடகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தார். அவரைப் பார்த்துக் கயிற்றில் இருந்த ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். கிடங்கு முழுக்கக் கைதட்டல். கதவோரம் நின்றவர்கள் கூவினார்கள். விசில் பறந்தது. நான் வாளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நானா கீழே கண்ணைத் திறந்தபடி கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை விழுந்தது. அடுத்த காட்சிக்காகக் கிரீடம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அரசர், "நான் வரவா வேணாமா?" என்று கேட்டார். நாடகம் அதோடு முடிந்துபோயிற்று.

கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வளவ்வைப் பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். கூட அந்த அம்மா மட்டும். தம்முடைய ஆட்களை வெளியிலேயே நிறுத்திவிட்டு வந்திருந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் கைகூப்பினேன்.

"ஏன் மாற்றினீர்கள்?" என்றார்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "நீங்கதானேங்க மாத்தச் சொன்னது."

"நான்கு பேருக்கு முன்னால் நின்று வேறு என்ன சொல்வேன்? உங்களிடம் கேட்டதை யோசித்துப் பாருங்கள். யார் சொன்னது என்றுதான் மூன்று தடவை கேட்டேன். எங்கள் வீட்டுக்கு வெளியே அது தெரிந்த ஒரு ஆளாவது இருக்கிறாரா என்று அறியத்தான் கேட்டேன்."

அந்த அம்மாதான் பேசினார். மெல்லிய குரல், ஆனால் நடுக்கமில்லை.

"எங்கள் அம்மா சமையலறையில் வைத்துத்தான் சொல்வாள். ஆண்கள் இருந்தால் சொல்லமாட்டாள். அவளுக்கு அவளுடைய அம்மா சொன்னது. அவர் வெட்டவில்லை. நான்தான் இவனுக்குச் சொன்னேன், இவன் சின்னவனாக இருந்தபோது. சொன்னதற்கு அப்பா என்னை அடித்தார். ஊர் விளக்கேற்றுவது வெட்டினவருக்கு. வெட்டாதவரை நாங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வெளியில், ஆட்களுக்கு முன்னால், ஒருவர் வாயால் ஒரு தடவை கேட்கவேண்டும் என்று இந்த மழையில் வந்தேன்."

"நாடகத்த நிப்பாட்டவா இத்தன பேரக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று நானா குறுக்கே கேட்டார். கேள்வியில் கோபம் இருந்தது.

"நிறுத்த வந்தவர்களைப் பிடித்து வைக்க" என்றார் பெரியவர். "உங்கள் கடைக்கு முன்னால் நிற்பவர்களை அனுப்பியது நான் இல்லை. பெட்டிசம் எழுதியதும் நான் இல்லை."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வெளியே அவர்களுடைய காரைத் தள்ளிக் கிளப்பும் சத்தம் கேட்டது.

நானா ஒரு பெட்டியில் உட்கார்ந்து நெற்றிப் பொட்டைத் துடைத்தார். "நான் அங்கின மையத்து மாதிரி கெடந்தேன் தம்பி. சனம் கை தட்டுது. எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு. என்னத்துக்குத் தட்டுறாங்க? ஆறு பேரை நசுக்கினதுக்கு."

வீட்டுக்குப் போனேன். மனைவி எனக்கு முன்பே வந்து அடுப்பை மூட்டியிருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். நான் பெட்டிசத்தைப் பற்றிச் சொன்னேன், வெற்றிலைக்காரனைப் பற்றிச் சொன்னேன், மேடைக்குப் பின்னால் நடந்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பயந்துட்டீங்க" என்றாள். "அதுக்காக நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எனக்கும் அங்க கை காலெல்லாம் உதறுச்சு. ஆனா செத்துப்போன மனுசன். அவரால திரும்பி வந்து நான் கொல்லலன்னு சொல்ல முடியுமா?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

அடுத்த நாளே நானாவிடம் போய், இன்னொரு தடவை போடவேண்டும் என்றேன். எங்கே என்றார். கடுகண்ணாவையில் என்றேன். அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"அவனுகள்ட ஊட்டு வாசல்லயா?"

"ஆமா நானா."

"கண்டியிலயே உங்களுக்குக் கால் நடுங்கிச்சு."

"அங்கயும் நடுங்கும்."

தையல் மெசினிலிருந்து துணியை எடுத்து மடித்து வைத்தார். "சரி. ஆனா மொதல்ல அந்த ஊட்டுப் பெரியவர்ட்ட செல்லிட்டுத்தான் போடணும். ஒளிச்சுப் போடக்கூடாது."

சொல்லி அனுப்பினோம். ஒரே வரியில் பதில் வந்தது: வாருங்கள். ஸ்டேசனுக்குப் பக்கத்தில் தமக்குச் சொந்தமான பாக்குக் கிடங்கை அவரே ஒழித்துக் கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரயிலில் போனோம். அலுவலகத்தில் தலைமைக் கிளார்க், "உம்மைப் பற்றி நான் இனி ஒண்டும் பேச ஏலாது, சொல்லிப்போட்டன்" என்று சொல்லிவிட்டார். மனைவி வீட்டில் இருக்க மறுத்துவிட்டாள். பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். வண்டி மலைப்பக்கமாக மெதுவாகப் போனது. நானா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். குழுவில் இரண்டு பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பாக்குக் கிடங்கில் உட்கார இடமில்லை. முக்கால்வாசிப் பேர் அந்தக் கிராமத்தவர்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும் என்று கணவாய்க் காட்சியைச் சிங்களத்திலும் நான் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். பியோன் என்னை மன்னித்திருந்தான். உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தவன் அவன்தான்.

பலகைமேல் ஏறினேன். கீழே கயிற்றில் ஆறு பேருக்குப் பதிலாக நான்கு பேர். நானா சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பில் பலமில்லை. நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. நானாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். வாளைக் கீழே வைத்தேன். தகர வாள் பலகையில் பட்டு 'டங்' என்றது.

"வெட்டாதே" என்றேன். முதலில் தமிழில். பிறகு அவர்களுடைய மொழியில்.

சத்தமே இல்லை. பிறகு நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். யாரோ ஏவிவிட்ட ஆள் இல்லை, வெள்ளைச் சட்டை போட்ட வயதான மனிதர்.

"பொய்!" என்றார். "இது எங்கள் ஊரை அவமானப்படுத்துவது!"

அவரோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர் எழுந்தார்கள். எங்கேயோ ஒரு வாங்குப் பலகை கவிழ்ந்தது. பாக்கு ஒன்று பறந்து வந்து என் கவசத்தில் பட்டுத் தெறித்தது. நான் அசையவில்லை. தைரியத்தால் அல்ல, கால்கள் அசைய மறுத்துவிட்டன.

முன்வரிசையில் வளவ்வைப் பெரியவர் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பொய் இல்லை" என்றார். "எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்வோம். நான் இத்தனை வருடம் அந்த விளக்கை ஏற்றும்போது சொல்லாமல் இருந்தேன். அது என் பிழை. அவர் வெட்டியிருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க நீங்கள் யாரும் இல்லை. போக விரும்புகிறவர்கள் போகலாம். நாடகம் நடக்கும்."

பாதிப்பேர் போனார்கள். போகும்போது ஒருவர் மேடைப் பக்கம் காறித் துப்பினார். மீதிப்பேர் உட்கார்ந்தார்கள். நாங்கள் கடைசிவரை நடித்தோம். நான் அரசர் முன்னால் மண்டியிட்டு அழுதேன். கிரீடம் வைத்திருந்தவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. திரை விழுந்தபோது கைதட்டல் இல்லை. ஆட்கள் மெதுவாக எழுந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் கலைந்துபோனார்கள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

இதனால் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை ஊர் கூடியபோது முதல் விளக்கை ஏற்றும் உரிமையை வளவ்வைக்குக் கொடுக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஏற்றினார். பெரியவரும் அவருடைய அக்காவும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். பியோன் சொன்னான். அவர் அதைப் பற்றி யாரிடமும் குறை பேசியதாக நான் கேள்விப்படவில்லை. என்னைக் கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குழு அதோடு கலைந்தது. நானா மட்டும் மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து, மதியம் எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கடுகண்ணாவையில் அன்று புறப்படுவதற்கு முன், அந்த அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. ஆனாலும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

"ஒன்று மட்டும் பிழை" என்றார் என்னிடம். "அரசர் முன்னால் நீங்கள் அழுதீர்கள். அவர் அழவில்லை."

"அப்ப என்னம்மா செஞ்சார்?"

"அவருக்குப் பசி. கணவாயிலிருந்து கம்பளைக்கு ஒரே ஓட்டமாகக் குதிரையில் போயிருக்கிறார், அல்லவா? சோறு கேட்டாராம். அரசர் கொடுக்கச் சொன்னார். வயிறு நிறையச் சாப்பிட்டார், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, 'இனிச் சரி' என்றாராம். எங்கள் அம்மா இந்த இடம் வந்தால் எப்போதும் சிரிப்பாள்."

என் மனைவிக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நானா வெளியிலிருந்து கூப்பிட்டார்.

அந்தக் காட்சியை அடுத்த வாரமே திருத்தி எழுதினேன். எந்த மேடையிலும் அது நடிக்கப்படவில்லை.